மோட்டார்ஹோம்: பம்ப் போட்டால் கரண்ட் மொத்தமும் படுத்துவிடுகிறது, பேட்டரி 12.6 காட்டுகிறது

கேள்வி:
வணக்கம். மோட்டார்ஹோமுக்குள் (வீடுபோல் தங்கிப் பயணிக்கும் வண்டி) 12 வோல்ட் லைன் படுத்துகிறது. எல்இடி விளக்கு ஒன்றிரண்டு எரிந்தால் பிரச்சினை இல்லை. தண்ணீர் பம்ப் ஓடத் தொடங்கியதும் விளக்கு மங்கி, ஃபிரிட்ஜ் போர்டு அணைந்து, பம்பும் முனகிக்கொண்டே நின்றுவிடும். பம்பை அணைத்தால் எல்லாம் திரும்பி வரும். வெளிக் கரண்ட் கொடுத்தால் ஒரு குறையும் இல்லை. பேட்டரி முனையில் 12.6 வோல்ட் இருக்கிறது. ஃபியூஸ் எல்லாம் பார்த்தாயிற்று. என்ஜின் பேட்டரி தனி, ஸ்டார்ட் உடனே ஆகிறது. குழந்தைகளோடு கிளம்ப வேண்டும், எங்கிருந்து தேடுவது?

பதில் 1:
பேட்டரியை மாற்றிவிடுங்கள் சார். ஒரு செல் போயிருந்தாலும் லோடு வந்ததும் இப்படித்தான் படுக்கும்.

பதில் 2:
காசு செலவழிக்கும்முன் ஒரு சோதனை. பம்ப் ஓடும்போதே பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். அங்கேயே சரிந்தால் மேலே சொன்னவர் சொல்வது சரி. அங்கே வோல்ட் இறங்காவிட்டால் பேட்டரிமேல் பழி போடக் கூடாது. ஃபியூஸ் பெட்டியிலும் அதேபோல அளந்து இரண்டையும் எழுதுங்கள். லோடு இல்லாமல் எடுத்த அளவை நம்பாதீர்கள். மீட்டர் இழுப்பது மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான், ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் முழு வோல்ட்டைக் காட்டிவிடும். பம்ப் கேட்பதோ ஐந்தாறு ஆம்பியர்.

கேட்டவர்:
பேட்டரியில் 12.5. ஃபியூஸ் பெட்டியில் 8.9!

பதில் 2:
பேட்டரி நல்லது. 3.6 வோல்ட் வழியில் தொலைகிறது. வெளிக் கரண்ட் இருக்கும்போது சார்ஜர் நேரே பெட்டிக்குக் கொடுத்துவிடும், பேட்டரி வயரை நம்பி இருக்காது. அதனால்தான் அப்போது குறை தெரியவில்லை.

பம்ப் ஓடட்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைப் பெட்டியின் பாசிட்டிவிலும் வையுங்கள். பிறகு பேட்டரி நெகட்டிவுக்கும் சேஸிஸின் (வண்டியின் அடிச்சட்டம்) சுத்தமான இரும்புக்கும் நடுவே அளந்து பாருங்கள். இணைப்பு நன்றாக இருந்தால் 0.1 அல்லது 0.2 வோல்ட்தான் வரும்.

பதில் 3:
பாசிட்டிவ் பக்கம் அதிகம் வந்தால் கட்-ஆஃப் சுவிட்சையும் மெயின் ஃபியூஸின் இரு முனையையும் தனித்தனியாக அளந்து பாருங்கள்.

கேட்டவர்:
பாசிட்டிவ் 0.2. நெகட்டிவ் 3.4! சேஸிஸில் எர்த் போல்ட்டில் கை வைத்தால் சுடுகிறது. ஆனால் போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கிறது.

பதில் 2:
போல்ட் இறுக்கமாக இருந்தாலும் லக்குக்கு (வயர் நுனியில் போல்ட் மாட்டும் உலோக வளையம்) அடியில் துருவோ பெயிண்டோ இருந்தால் கரண்ட் சரியாகப் போகாது. முதலில் வெளிக் கரண்ட்டைப் பிடுங்குங்கள், சோலார் இருந்தால் அதையும் துண்டியுங்கள். மோதிரம், வாட்ச் கழற்றிவிட்டு, பேட்டரியில் நெகட்டிவை முதலில் எடுங்கள். திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியாக. இந்த வரிசையைத் தயவுசெய்து மாற்றாதீர்கள். ஸ்பானர் பாசிட்டிவிலும் பாடியிலும் ஒருசேரப் பட்டால் பல நூறு ஆம்பியர் பாயும்.

போல்ட்டைக் கழற்றி, லக்கையும் சேஸிஸையும் உப்புத்தாளால் இரும்பு பளிச்சிடும்வரை தேயுங்கள். பல் வாஷர் போட்டு இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள், ஈரம் ஏறாது.

கேட்டவர்:
லக்கின் அடிப்பக்கம் முழுக்கப் பச்சையாகப் பூத்திருந்தது, சேஸிஸ் பக்கம் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. தேய்த்து மாட்டியபின் நெகட்டிவ் 0.1, பெட்டியில் 12.2. பம்ப் ஓடும்போது ஃபிரிட்ஜும் அணையவில்லை. இருவருக்கும் மிக்க நன்றி! ஒரு சந்தேகம்: லக்கின் கழுத்தருகே வயருக்குள் செம்பு ஒரு விரற்கடை அளவு கறுத்திருக்கிறது. அப்படியே விடலாமா?

பதில் 3:
விடாதீர்கள். அந்தக் கறுப்பு உள்ளே ஏறிக்கொண்டே போகும். பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டி, அதே அளவு புது லக்கை நல்ல கிரிம்பிங் கருவியால் அழுத்தி, உள்ளே பசை உள்ள சுருங்கும் உறையைப் போடுங்கள். நீளம் போதவில்லையென்றால் ஒட்டுப் போட வேண்டாம், முழு வயரையும் அதே தடிமனில் மாற்றிவிடுங்கள்.