நம் வீடு (சண்டை வேண்டாம்)

தேவி: செந்தில் அண்ணா, ஞாயிறு வீடு மாற்ற உன் பிக்கப் வருமா, வராதா? இன்றே சொல்லிவிடு.

செந்தில்: வரும். ஆனால் டிரெய்லர் மாட்டி மேடு ஏறினால் திணறுகிறது. வெயிலில்தான் இப்படி. விடியற்காலையில் நன்றாக இழுக்கிறது.

சித்தப்பா: இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊதும் அந்த சூப்பர்சார்ஜர் வேண்டாம் என்று அன்றே சொன்னேன்.

கார்த்தி: ஆரம்பிச்சாச்சு 😄

பாலு மாமா: அதன் மேல் பழி போடாதீர்கள். காற்றை எங்கிருந்து எடுக்கிறது? செந்தில், பானெட்டைத் திறந்து ஒரு படம் போடு.

செந்தில்: [படம்]

பாலு மாமா: நினைத்தேன். கூம்பு ஃபில்டர் ரேடியேட்டருக்குப் பின்னால் மூடியே இல்லாமல் நிற்கிறது. உள்ளே போவதெல்லாம் இன்ஜின் சூடு. 30 டிகிரி காற்று போக வேண்டிய இடத்தில் 60 டிகிரி காற்று போனால், ஏறத்தாழ 9 சதவீதம் காற்று குறைவு. சூப்பர்சார்ஜர் அழுத்தும்போது சூடு இன்னும் ஏறும். நாக் (பெட்ரோல் கலவை தானாக வெடிப்பது) வராமலிருக்க கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும். இழுவை போச்சு.

தேவி: மாமா, வருமா வராதா?

சித்தப்பா: பளபளவென்று அலுமினியக் குழாய் போட்டானே, அதுதான் சூடாகிறது.

பாலு மாமா: முழுதாக மிதிக்கும்போது காற்று குழாய்க்குள் நிற்கும் நேரமே கொஞ்சம். குழாய் எதில் செய்தது என்பது சின்ன விஷயம். மூடிய ஏர் பாக்ஸ் வேண்டும், அதன் வாய் கிரில் பக்கமோ ஃபெண்டருக்குள்ளோ (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) இருக்க வேண்டும். வளைவு குறைவாக, அகலமாக. சூப்பர்சார்ஜருக்கு முன்னால் உள்ள அடைப்பு அதற்குப் பின்னால் பெருகும். பிரஷர் ரேஷியோ 1.6 என்றால், அதாவது அது அழுத்தத்தை 1.6 மடங்காக்கினால், முன்னால் 1 கிலோபாஸ்கல் இழந்தால் பின்னால் 1.6 போகும்.

அம்மா: தேவி, கட்டிலைக் கழற்றினாயா?

தேவி: இல்லம்மா. ஸ்பேனர் செந்தில் அண்ணாவிடம்.

கார்த்தி: வாயை பம்பருக்கு அடியில் இறக்கிவிடலாமே. குளிர்ந்த காற்று.

பாலு மாமா: தேங்கிய தண்ணீரில் இறங்கினால்? இன்ஜினுக்குள் போன தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

சித்தப்பா: இவன் இறக்குவான். இரவல் வாங்கிய ஜாக்கியே இன்னும் வரவில்லை.

கார்த்தி: [இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

அம்மா: ஜாக்கிப் பேச்சு வேண்டாம்.

பாலு மாமா: ஹோஸ் மெலிதாக இருந்தால் உறிஞ்சும்போது சப்பிப் போகும். கம்பிச்சுருள் வைத்ததாகப் பார். காற்றை அளக்கும் சென்சார் உள்ள குழாயின் விட்டத்தை மாற்றாதே, அதற்கு முன்னால் கொஞ்சம் நேராக விடு. மாற்றினால் அளவு பிசகி பெட்ரோல் கலவை கெடும். சென்சாருக்குப் பின்னால் ஒரு கசிவும் கூடாது.

பாலு மாமா: [குரல் செய்தி 4:12]

கார்த்தி: சுருக்கம் யாராவது?

செந்தில்: சூப்பர்சார்ஜரின் பழைய கதை: ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை வாங்கிய ஊதுகருவி. ஊதுலைக்குக் காற்று அடிக்கப் பயன்பட்டது, வண்டிக்குப் பிறகுதான் வந்தது.

அம்மா: அண்ணன் தம்பி சேர்ந்து ஒரு வேலை செய்திருக்கிறார்கள். எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சித்தப்பா: 🙄

செந்தில்: மாமா, ஸ்கேனர் போட்டு ஓட்டினேன். சூப்பர்சார்ஜருக்கு முன்னாலேயே வெளிக்காற்றைவிட 25 டிகிரி அதிகம் காட்டுகிறது.

பாலு மாமா: பார்த்தாயா. ஆனால் எதையும் வாங்குவதற்கு முன் அழுத்திய காற்றை ஆற்றும் இன்டர்கூலரின் பம்ப் ஓடுகிறதா என்று பார். அது நின்றிருந்தால் ஏர் பாக்ஸ் மாற்றியும் புண்ணியமில்லை.

செந்தில்: ஓடுகிறது. கை வைத்துப் பார்த்தேன்.

பாலு மாமா: அப்படியானால் கம்பெனி ஏர் பாக்ஸையே மறுபடி மாட்டு. அது ஃபெண்டரிலிருந்துதான் இழுக்கும். ஃபில்டருக்குப் பின்னால் உறிஞ்சும் இழுப்பை அளக்கும் ஒரு வேக்கம் கேஜ் வைத்து, மேட்டில் முழுதாக மிதித்துப் பார். முள் அதிகம் ஏறினால் மட்டும் வாயைப் பெரிதாக்கு.

செந்தில்: அந்த பாக்ஸ் எங்கே?

சித்தப்பா: என் ஷெட்டில்தான், இடத்தை அடைத்துக்கொண்டு. யாரும் கேட்கவில்லையே.

செந்தில்: சனிக்கிழமை வந்து எடுக்கிறேன் சித்தப்பா.

சித்தப்பா: சனி நான் ஊரில் இல்லை. சாவி அண்ணியிடம் கொடுத்திருக்கிறேன்.

தேவி: அப்போது இந்த ஞாயிறா, அடுத்த ஞாயிறா?

பாலு மாமா: [குரல் செய்தி 6:40]

அம்மா: என்னிடம் எந்தச் சாவியும் இல்லை.