அப்பா அம்மா பாரிஸ் வர்றாங்களா? டவர் டிக்கெட்டுக்கு முன்னாடி முட்டிவலியைப் பாருங்க

புதுசா இங்க வந்து செட்டில் ஆன நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேக்கறீங்க. பேரன்ட்ஸ் மூணு வாரம் வர்றாங்க, பாரிஸ்ல என்னென்ன காட்டலாம், ப்ளான் போட்டுத் தாங்கன்னு. தனித்தனியா பதில் போட்டு கை வலிக்குது, அதனால மொத்தமா இங்கயே எழுதிடறேன். நாங்க இங்க வந்து ஆறு வருஷம் ஆச்சு, இதுவரைக்கும் மூணு பேட்ச் வந்துட்டுப் போயாச்சு. மொதல்ல மாமனார் மாமியார், அப்புறம் எங்க அப்பா அம்மா, போன வருஷம் மறுபடியும் அப்பா அம்மா. முதல் பேட்ச்ல நான் பண்ணின அட்டூழியத்துக்கு மாமியார் இன்னைக்கும் போன்ல சொல்லிக் காட்டுவாங்க. ஒரே நாள்ல நோத்ர தாம் சர்ச், லூவர் மியூசியம், ஷான்செலிசே தெரு, ஆர்க் த த்ரியோம்ஃப் வளைவு, ராத்திரி ஈஃபிள் டவர். எக்ஸெல் ஷீட் போட்டு கலர் எல்லாம் அடிச்சு வெச்சிருந்தேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு அவங்க ஒரு பெஞ்ச்ல உக்காந்தவங்க சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கல.

மொதல்ல விசா பேப்பர் ஒண்ணு மட்டும், ஏன்னா இதுல லேட் ஆனா மத்ததெல்லாம் பேசிப் பிரயோஜனமே இல்ல. அவங்க உங்க வீட்ல தங்கப்போறாங்கன்னா உங்க ஊர் மேரியில, அதாங்க நம்ம முனிசிபாலிட்டி ஆபீஸ் மாதிரி, அத்தெஸ்தாசியோன் தக்கேய்ங்கற பேப்பர் வாங்கணும். 30 யூரோ ஸ்டாம்ப், வீட்டு கான்ட்ராக்ட், சம்பள சீட்டு எல்லாம் கேப்பாங்க, வீடு எத்தனை சதுர மீட்டர்னு கூட பாப்பாங்க. வந்த ஒரிஜினலை ஊருக்கு அனுப்பணும், ஸ்கேன் காப்பி போதாது, கூரியர் நாளையும் சேத்து கணக்கு போட்டுக்கோங்க. இன்சூரன்ஸ் 30,000 யூரோ கவர் ஆகற மாதிரி எடுக்கணும். ஃப்ளைட் புக் பண்ணும்போதே வீல்சேர் கேட்டு வெச்சிடுங்க. கால் நல்லா இருந்தாலும் கேளுங்க. ட்ரான்ஸிட்ல பாஷை தெரியாம முழிக்காம கேட் வரைக்கும் ஒரு ஆள் கூட்டிட்டுப் போவாங்க, அதுக்காகத்தான். எங்க அப்பா "நான் என்ன நொண்டியா"ன்னு ரெண்டு நாள் பேசல, தோஹாவுல இறங்கி அந்த தூரத்தைப் பாத்தப்புறம் ஒண்ணும் சொல்லல.

இப்ப மெட்ரோ. 1900 ல ஓட ஆரம்பிச்சது, அதனால பழைய லைன் ஸ்டேஷன் முக்காவாசில லிஃப்ட் கிடையாது, படிதான், எறங்கி ஏறி மறுபடி எறங்கி. ஷாத்லே ஸ்டேஷன்ல லைன் மாறினா ஒரு கிராமத்தையே சுத்தி வந்த மாதிரி இருக்கும், கூகுள் மேப் அதை "4 நிமிஷம்"னு காட்டும், நம்பாதீங்க. 14ஆம் நம்பர் லைன்ல மட்டும் எல்லா ஸ்டேஷன்லயும் லிஃப்ட் இருக்கு, அது இப்ப ஓர்லி ஏர்போர்ட் வரைக்கும் போகுது. மத்தபடி வயசானவங்களுக்கு பஸ்தான் தெய்வம். 69ஆம் நம்பர் பஸ் ஈஃபிள் டவர் பக்கத்துல ஷான் து மார்ஸ்லேருந்து கிளம்பி, ஓர்சே மியூசியம், லூவர், ஓத்தெல் த வில் (ஹோட்டல் இல்ல, பாரிஸ் மேரி கட்டடம்), பஸ்தீய்னு போகும். ஜன்னல் சீட் புடிச்சு உக்கார வெச்சா போதும், டபுள் டெக்கர் டூர் பஸ்ஸுக்கு தலைக்கு இத்தனைன்னு குடுக்கற காசு மிச்சம், எங்க அம்மா ஒரு ரவுண்ட் முடிஞ்சதும் "திரும்ப இதுலயே போலாமா"ன்னு கேட்டாங்க.

டிக்கெட்டுக்கு வார பாஸ் எடுங்க, நவிகோ செமேன், 32 யூரோ கிட்ட வரும், ஏர்போர்ட்டும் அதுலயே அடக்கம் (தனியா எடுத்தா ஏர்போர்ட் டிக்கெட்டே 13, 14 யூரோ). ஆனா ஒரு வில்லங்கம், அது திங்கள்லேருந்து ஞாயிறு வரைக்கும்தான், வெள்ளிக்கிழமை வாங்கினா அடுத்த வாரத்துக்குத்தான் கிடைக்கும். அதனால முடிஞ்சா திங்கள்கிழமை வந்து எறங்கற மாதிரி ஃப்ளைட் பாருங்க. கார்டுக்கு 5 யூரோ, சின்ன போட்டோ ஒட்டணும், ஊர்லேருந்து வரும்போதே ரெண்டு போட்டோ எடுத்துட்டு வரச் சொல்லுங்க. ஒரு கார்டை ரெண்டு பேருக்கு தட்டக்கூடாது. நான் தட்டினேன். அப்பா எனக்குப் பின்னாடியே ஒட்டிக்கிட்டு கேட்டைத் தாண்டி வந்தார், அந்தப் பக்கம் செக்கிங் நின்னுட்டிருக்காங்க, அபராதம் கட்டினது நான், அவமானம் பட்டது அவர். முப்பது வருஷம் ஸ்கூல்ல ஒழுக்கம் சொல்லிக் குடுத்த மனுஷன்.

ஆமா, அப்பா கணக்கு வாத்தியார். இதை ஏன் சொல்றேன்னா ஈஃபிள் டவர் மேட்டரே இதுலதான் இருக்கு. எல்லாரும் மேல ஏத்தணும்னு அடிச்சுப் புடிச்சு லிஃப்ட் டிக்கெட் போடறீங்க (60 நாள் முன்னாடி ஆன்லைன்ல ஓப்பன் ஆகும், சீசன்ல சீக்கிரம் தீந்துடும், கீழ கியூல நின்னு வாங்கலாம்னு நெனச்சா அரை நாள் போச்சு). ரெண்டாவது மாடி தாராளமா போதும், உச்சிக்குப் போனா குளிரும் காத்தும்தான், காத்து ஜாஸ்தின்னா மேல மூடியும் வெச்சிடுவாங்க. படி வழியா ரெண்டாவது மாடிக்கு 674 படி, பழனிமலை ஏறினவங்கதானேன்னு தயவுசெய்து ஏத்திடாதீங்க. பைல பழம் வெட்டற கத்தி இருந்தா செக்யூரிட்டில எடுத்துடுவாங்க, நம்ம அம்மாக்கள் பைல அது கண்டிப்பா இருக்கும்.

ஆனா அப்பாவுக்கு டவர்ல புடிச்சது மேல இருந்து பாத்த ஊர் இல்ல. முதல் மாடிக்குக் கீழ நாலு பக்கமும் தங்கக் கலர்ல பேரா எழுதியிருக்கும், பாத்திருக்கீங்களா? நானே நாலு வருஷமா பாக்கல. 1889 ல டவர் கட்டும்போது ஈஃபிள் 72 பிரெஞ்சு விஞ்ஞானிங்க, இன்ஜினியருங்க பேரைப் பொறிச்சு வெச்சிருக்கார், பக்கத்துக்கு 18. அப்பா தலையைத் தூக்கி லக்ராஞ்ச், லாப்லாஸ், ஃபூரியே, கோஷின்னு எழுத்துக்கூட்டிப் படிக்கறார், "இவன் தேற்றத்தைத்தான்டி போர்டுல போட்டு போட்டு கை தேஞ்சது"ங்கறார். நாலு பக்கமும் சுத்தி வந்துட்டார், அதுக்கு பைசா செலவில்ல. ஒரு பொம்பள பேர் கூட இல்லையேன்னு அம்மா கேட்டாங்க. கணக்குல பெரிய ஆளான சோஃபி ஜெர்மெய்ன் பேர் இருந்திருக்கணும்னு அப்பா சொன்னார், அப்புறம் நானும் அதைப்பத்தி படிச்சேன், அது தனிக் கதை.

அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சது, லிஸ்ட்டை நான் எனக்காக போட்டுட்டிருக்கேன்னு. மறுநாள் பிளானை மாத்திட்டு லக்சம்பர்க் தோட்டத்துக்குப் பக்கத்துல வோஜிரார் தெரு 36ஆம் நம்பர் வாசலுக்கு கூட்டிட்டுப் போனேன். அங்க சுவத்துல ஒரு மார்பிள் பட்டை, ஒரு மீட்டர் நீளம், அவ்வளவுதான். புரட்சிக்கு அப்புறம் மீட்டர்னு ஒண்ணு புதுசா கொண்டுவந்தப்ப ஜனங்களுக்குப் பழகணும்னு 1796, 97 வாக்குல ஊர்ல அங்கங்க 16 இடத்துல வெச்சாங்களாம், வெச்ச எடத்துலயே மிச்சம் இருக்கறது இது. கூட்டமும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது, அப்பா சாண் வெச்சு அளந்து பாத்தார். அங்கிருந்து பாந்தெயோன் (பெரிய மனுஷங்களை அடக்கம் பண்ற நினைவுக் கட்டடம்) நடக்கற தூரம்தான், ஃபூக்கோங்கற விஞ்ஞானி 1851 ல பூமி சுத்துதுன்னு காட்ட ஊசல் கட்டித் தொங்கவிட்ட எடம், இப்பவும் ஒண்ணு ஆடிட்டிருக்கு, கீழ நிலவறைல மேரி க்யூரி சமாதி. இதுக்கு டிக்கெட் உண்டு. உங்க அப்பா ரயில்வேல இருந்தவரா? ஓர்சே மியூசியம் பழைய ரயில்வே ஸ்டேஷன்தான், 1900 ல கட்டினது, பெரிய கடிகாரம் அப்படியே இருக்கு, படம் பாக்கலைன்னாலும் கட்டடத்தைப் பாப்பார். துணிக்கடை வெச்சிருந்தவங்களா, கலரி லஃபயேத்ங்கற பெரிய கடையோட கண்ணாடி கூரைக்குக் கீழ விட்டுட்டு மொட்டைமாடிக்கு கூட்டிட்டுப் போங்க, அதுவும் ஃப்ரீ, டவர் அங்கிருந்தே தெரியும்.

லூவர் பத்தி ரெண்டே வரி. செவ்வாய்க்கிழமை லீவு, நான் செவ்வாய்க்கிழமைதான் போய் நின்னேன். ஓர்சேவும் வெர்சாய் அரண்மனையும் திங்கள் லீவு. மோனாலிசா 77க்கு 53 சென்டிமீட்டர், நம்ம வீட்டு காலண்டர் சைஸை விட கொஞ்சம் பெருசு, முன்னாடி ஐநூறு போன் தூக்கிட்டு நிக்கும், இதை முன்னாலயே சொல்லிக் கூட்டிட்டுப் போனா ஏமாற்றம் இல்ல. 2026 ஜனவரிலேருந்து ஐரோப்பாவுக்கு வெளில இருந்து வர்றவங்களுக்கு 32 யூரோ ஆக்கிட்டாங்க, ரெண்டு பேருக்கு ஆறாயிரம் ரூபாய்க்கு மேலன்னு அப்பா மனசுக்குள்ள கணக்கு போட்டுட்டே நடப்பார், ஆசைப்பட்டா மட்டும் போங்க. வெளில துய்லரி தோட்டத்துல பச்சை இரும்பு சேர் போட்டிருக்கும், யார் வேணா உக்காரலாம், நாங்க அங்கதான் புளியோதரை டப்பாவைத் திறந்தோம். நோத்ர தாம் 2019 ஏப்ரல்ல எரிஞ்சு 2024 டிசம்பர்ல திறந்தாச்சு, உள்ள போக காசு இல்ல, ஆன்லைன்ல டைம் புக் பண்ணா கியூ குறையும்.

பாத்ரூம். இதை யாரும் எழுத மாட்டேங்கறாங்க, ஆனா பேரன்ட்ஸ் டூர் பாதி இதுலதான் கெடும். தெருவுல இருக்கற சாம்பல் கலர் தானியங்கி டாய்லெட் ஃப்ரீ. ஒவ்வொருத்தர் வந்தப்புறமும் கதவை மூடிட்டு தன்னைத்தானே கழுவிக்கும், முன்னாடி ஆள் வெளிய வரும்போது கதவைப் பிடிச்சு உள்ள நுழைஞ்சுடாதீங்க, உள்ள மாட்டினா குளியல்தான். பச்சை லைட் வந்தப்புறம் போங்க. தண்ணி பாட்டில் ஒண்ணு தனியா இதுக்குன்னே பைல. குடிக்கற தண்ணிக்கு பச்சை கலர் வாலஸ் நீரூற்று அங்கங்க இருக்கு, ரெஸ்டாரண்ட்ல "கராஃப் தோ"ன்னு கேட்டா குழாய்த் தண்ணி ஜாடில காசில்லாம தருவாங்க. எதைக் கேக்கறதுக்கு முன்னாடியும் போன்ஜூர், அதாவது வணக்கம், சொல்லணும், அதைச் சொல்லாம கேட்டுட்டு "இவங்க திமிரு புடிச்சவங்க"ன்னு நாம சொல்லிட்டிருக்கோம்.

சைவம்னா வெங்காய சூப்பை வெங்காயம்னு நம்பி வாங்கிடாதீங்க, பெரும்பாலும் மாட்டு எலும்பு தண்ணிலதான் பண்ணுவாங்க. மரே ஏரியால ரோசியே தெரு ஃபலாஃபல் (கொண்டைக்கடலை வடை மாதிரி) நல்லாருக்கும், சனிக்கிழமை நிறைய கடை மூடியிருக்கும். அம்மாவுக்கு தாலிக்கொடி போட்டு வெளிய கூட்டிட்டுப் போகாதீங்க, மஞ்சக்கயிறு போதும். குன்று மேல இருக்கற சக்ரே கர் சர்ச் படிக்கட்டுல கைல கயிறு கட்ட வருவாங்க, கோயில் கயிறுன்னு நெனச்சு அம்மா கையை நீட்டிட்டாங்க, நான் ஓடி வர்றதுக்குள்ள முடிச்சு போட்டாச்சு, இருபது யூரோ கேட்டான், அஞ்சுல முடிஞ்சுது. பேப்பர் நீட்டி கையெழுத்து கேக்கறவங்களும் அதே ஜாதிதான். மேல போக அங்க கேபிள் ரயில் இருக்கு, பாஸ் செல்லும், படியேற வேணாம்.

மூணாவது நாலாவது நாள் கண்டிப்பா ஒரு தடவை லாசப்பல், அதாவது லா ஷாப்பேல் ஏரியா. கார் து நோர்ல இறங்கி நடந்தா போதும், ரூ காய் தெரு, ஃபோபூர் சென் தெனி தெரு பூரா நம்ம கடைங்க, யாழ்ப்பாணத்துலேருந்து வந்தவங்க உண்டாக்கின எடம். அதுவரைக்கும் பேசாம பின்னாடியே நடந்து வந்த அம்மாக்கள் அங்க முன்னாடி நடப்பாங்க, பாருங்க. முருங்கைக்காய் விலையைக் கேட்டு எங்க அம்மா நெஞ்சுல கை வெச்சாங்க, கடைக்காரர் சிரிச்சுட்டு "எங்க இருந்து வந்தனீங்கள் அம்மா"ன்னு கேட்டதுதான், அரை மணி நேரம். 1985 ல ஆரம்பிச்ச மாணிக்க விநாயகர் கோயில் இப்ப ரூ பஜோல் தெருவுல இருக்கு.

அம்மாவுக்கு மறக்காம கிமே மியூசியம், ஆசிய நாட்டுக் கலைப் பொருள் வெச்சிருக்கற எடம். யேனா மெட்ரோ பக்கத்துல, இதுவும் செவ்வாய் லீவு. நம்ம ஊர் வெண்கல நடராஜர் அங்க நிக்கறார். கூட்டமே இல்ல. அம்மா செருப்பை விடப்போனாங்க, வேணாம்னு தடுத்தேன், அப்புறம் ஏன் தடுத்தேன்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. கொஞ்ச நேரம் கும்பிட்டு நின்னுட்டு "இது எந்தக் கோயில்லேருந்து வந்தது"ன்னு கேட்டாங்க, எனக்கு பதில் தெரியல.

எந்த மாசம் வரச் சொல்றதுன்னு கேட்டவங்களுக்கு: ஜூன்ல ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம், டவர் மணிக்கொருதரம் அஞ்சு நிமிஷம் மினுக்கறதைப் பாக்க பதினோரு மணி ஆயிடும், அதுக்குள்ள நம்மாளுங்க தூங்கிடுவாங்க. டிசம்பர்ல ஆறு மணிக்கே பாத்துடலாம், ஆனா குளிர். நான் சொல்றது ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல். அப்பத்தான் ஒரு ஞாயித்துக்கிழமை விநாயகர் தேர், தெருவுல மலை மாதிரி தேங்காய் குவிச்சு உடைப்பாங்க, காவடி, நாதஸ்வரம், பிரெஞ்சுக்காரங்க எல்லாம் ஓரமா நின்னு பிரசாதம் வாங்குவாங்க. அன்னைக்கு லா ஷாப்பேல் மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் போகாதீங்க, படில நகர முடியாது. கார் து நோர்லேருந்தே நடங்க, காலைல ஒன்பதரைக்குள்ள போனா அம்மாவை உக்கார வைக்க ஒரு கடை வாசல் கிடைக்கும், மடக்கு ஸ்டூல் ஒண்ணு கையோட எடுத்துட்டுப் போங்க.