பழைய காரில் டெம்பரேச்சர் சென்சாரை எங்கே மாட்டினீர்கள்? அனுபவம் சொல்லுங்கள்

ஹெரால்டு, சேலம்:

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 948 சிசி. டெம்பரேச்சர் மீட்டர் இல்லாத வண்டி. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் தனியாக ஒரு மீட்டர் வாங்கி, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை நடுவில் அறுத்து, அலுமினிய அடாப்டர் சொருகி, அதில் சென்சாரை மாட்டியிருந்தார். எதையும் துளைக்க வேண்டாம், மரை வெட்ட வேண்டாம் என்பதால் நிறையப் பேர் இந்த வழிக்குத்தான் போகிறார்கள்.

அந்த மீட்டரின் லட்சணம் ஏற்காடு ஏறும்போது தெரிந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் இழுத்துக்கொண்டிருந்தபோது முள் 85-ல் நின்றது. அப்புறம் மெல்ல இறங்க ஆரம்பித்தது. மலை ஏறுகிற என்ஜின் எப்படிக் குளிரும்? உடனே ஓரங்கட்டி நிறுத்தினேன். கீழ் ஹோஸ் கிளிப் தளர்ந்து தண்ணீர் பெரும்பாலும் ரோட்டில் போயிருந்தது. மேல் ஹோஸ் காலி. ஹெட் (என்ஜினின் மேல்மூடிப் பகுதி) கொதித்துக்கொண்டிருக்க, சென்சார் வெறும் காற்றின் சூட்டைக் காட்டியிருக்கிறது. ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் தப்பியது புண்ணியம்.

இன்னொரு குறையும் உண்டு. தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடான பிறகே ரேடியேட்டருக்கு வழி விடும் வால்வு) திறக்கும்வரை மேல் ஹோஸில் ஓட்டமே இருக்காது. 82 டிகிரி தெர்மோஸ்டாட் என்றால் என்ஜின் 80 வரை ஏறினாலும் முள் அடியிலேயே கிடக்கும். தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கிக்கொண்டால் ஹெட் வளையும்வரை மீட்டர் 'எல்லாம் நல்லபடி' என்றுதான் சொல்லும். எந்த நேரத்தில் மீட்டர் வேண்டுமோ அந்த நேரத்தில் அது உதவாது.

அதனால் தெர்மோஸ்டாட்டுக்கு என்ஜின் பக்கமாக இடம் தேடினேன். ஹெரால்டில் பானெட் மொத்தமும் முன்பக்கம் சாய்ந்துவிடும், முன் டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே, வாட்டர் பம்ப் ஹவுசிங்கில் ஒரு பிளக் இருந்தது. சூடாக்கி, எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்ட பிறகே அசைந்தது. கழற்றினால் உள்ளே காப்பித்தூள் போலத் துரு. சுரண்டி எடுத்து, தண்ணீர் அடித்துக் கழுவிய பிறகுதான் சென்சாரை வைத்தேன்.

இங்கே கவனமாக இருக்க வேண்டியது சென்சாரின் நீளம். இந்த எஞ்சினுக்கு 5/8 அங்குல மரை. கடையில் கிடைக்கிற சென்சார் சின்னது. லேத் பட்டறையில் இடைவெளியை அடைக்கும் பித்தளை புஷ் (வளையம்) கடைந்து வாங்கலாம், ஆனால் புஷ் தடிமனாகப் போனால் சென்சாரின் நுனி தண்ணீரைத் தொடாமல் புஷ்ஷுக்குள்ளேயே நின்றுவிடும். நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கையில் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

அம்பாசடர், மதுரை:

அண்ணே, என் 1489 சிசி பெட்ரோல் வண்டியில் இடம் சரியாகத்தான் இருந்தது. ஹெட்டின் முன்பக்கம், தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே. கோளாறு எர்த்தில், அதாவது கரண்ட் சுற்றை முடிக்கும் வழியில். புது சென்சார் மாட்டிய பட்டறையில் கசிவுக்குப் பயந்து மரை முழுக்க டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி வைத்துவிட்டார்கள். ஒற்றை ஒயர் சென்சாருக்கு என்ஜின் உடம்புதான் எர்த். டேப் அதைத் தடுத்ததில் முள் பாதிக்கு மேல் ஏறவே இல்லை. டேப்பைப் பிய்த்துவிட்டு காப்பர் வாஷர் போட்டேன், சரியாகிவிட்டது. ஹோஸ் அடாப்டர்தான் வேண்டும் என்கிறவர்களுக்கும் இதே சொல்கிறேன்: இரண்டு பக்கமும் ரப்பர், தனி எர்த் ஒயர் இல்லாமல் மீட்டர் வேலை செய்யாது.

பெட்ரோல் மீட்டரும் டெம்பரேச்சர் மீட்டரும் சேர்ந்து கூடுதலாகக் காட்டினால் சென்சாரைத் திட்டாதீர்கள். பழைய ஸ்மித்ஸ் வகை மீட்டர்களுக்கு 10 வோல்ட் கொடுக்கும் ஸ்டெபிலைசர் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

ஒரு சந்தேகம். எலெக்ட்ரிக் ஃபேன் போடப் போகிறேன். அதன் சுவிட்சையும் ஹெட்டிலேயே வைக்கலாமா?

ஹெரால்டு, சேலம்:

தம்பி, அதை ரேடியேட்டர் பக்கம் வைப்பதுதான் நல்லது. கீழ்த் தொட்டியில் வைத்தால், ரேடியேட்டர் குளிர்வித்த பிறகும் தண்ணீர் சூடாகவே திரும்பினால் மட்டும் ஃபேன் ஓடும். அந்த இடத்துக்கு ஏற்ற, குறைந்த டிகிரியில் ஆன் ஆகிற சுவிட்சாகப் பார்த்து வாங்கு. ஹெட்டுக்கான சுவிட்சைக் கீழே போட்டால் ஃபேன் நேரத்துக்கு ஓடாது. மீட்டர் சென்சாரை அதோடு சேர்க்காதே, அது ஹெட் பக்கமே இருக்கட்டும்.

மாட்டுவதற்கு முன் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, சென்சாரின் உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு ஒரு ஒயர் கொடுத்து, நுனியை மட்டும் அதில் முக்கிப் பார். (உன் வண்டியில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரி பாசிட்டிவ்தான் பாடியோடு சேர்ந்திருக்கிறது என்றால், ஒயர் பாசிட்டிவுக்குப் போக வேண்டும்.) மதுரையில் தண்ணீர் கிட்டத்தட்ட 100 டிகிரியில் கொதிக்கும். முள் நிற்கிற இடத்தில் கண்ணாடி மேல் சின்னதாக ஒரு கோடு போட்டு வை. டிகிரி எண் இல்லாத மீட்டருக்கு அந்தக் கோடுதான் கணக்கு.