தீயணைப்பு வண்டி பத்தே நிமிடத்தில் தண்ணீர் தீர்ந்து நின்றது, ஏன்?

மேட்டுத்தெரு: எங்கள் ஊர் நகரத்திலிருந்து 16 கிலோமீட்டர். போன மாதம் பக்கத்து வீட்டு விறகுக் கொட்டகை பற்றிக்கொண்டது. போன் போட்டு 28 நிமிடம் கழித்து வண்டி வந்தது. பத்தே நிமிடத்தில் தண்ணீர் காலி. பாதித் தொட்டியோடு வந்தார்கள் என்று ஊரில் ஒரே பேச்சு. கொட்டகைக்கு இருபதடி தள்ளிக் கிணறு, நிறையத் தண்ணீர். அதையும் தொடவில்லை. இந்தத் துறையில் இருந்தவர்கள் யாராவது விளக்குங்களேன்.

பழைய பம்புக்காரன்: 22 வருடம் வண்டியில் பம்பு ஓட்டியவன், சொல்கிறேன். முழுத் தொட்டியோடுதான் வந்திருப்பார்கள். வழக்கமாக வரும் வண்டி 4,500 லிட்டர் அளவுதான் கொள்ளும். ஒரு ஹோஸ் நிமிடத்துக்கு 400, 500 லிட்டர் குடிக்கும். வகுத்துப் பாருங்கள். நகரத்தில் அந்தப் பத்து நிமிடத்துக்குள் தெருக்குழாயில் இணைத்துவிடுவோம். உங்கள் ஊரில் எதில் இணைப்பது?

கிணற்றுக்கு வருவோம். பம்பு தண்ணீரை இழுப்பதாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது குழாயிலிருந்து காற்றை எடுக்கும், வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளும். அந்த அழுத்தத்துக்குக் கணக்குப்படி 10.3 மீட்டர்தான் பலம். நடைமுறையில் 7 மீட்டரே பெரிய விஷயம். ஒருமுறை ஐந்து மீட்டர் ஆழத்திலேயே எனக்குத் தண்ணீர் ஏறவில்லை. பம்பு கத்துகிறது, வீட்டுக்காரர் அதைவிடக் கத்துகிறார். குனிந்து காதை வைத்தால் இணைப்பில் 'உஸ்ஸ்' என்று சத்தம். ரப்பர் வாஷரில் ஒரு மண் துகள். துடைத்துவிட்டு மறுபடி மாட்டினோம், ஏறிவிட்டது. அதற்குள் கூரை விழுந்துவிட்டது. உங்கள் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது?

மேட்டுத்தெரு: 45 அடி, கிட்டத்தட்ட 14 மீட்டர். சரி, புரிந்தது. அப்போ எங்களுக்கு வழியே இல்லையா?

டிராக்டர்_தம்பி: எங்கள் ஊரில் தண்ணீர் டேங்கர் வைத்திருக்கும் மூன்று பேர் நம்பரை நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். தீ என்றதும் அவர்களுக்கும் போன் போய்விடும்.

பழைய பம்புக்காரன்: தம்பி சொன்னதைச் செய்யுங்கள், அண்ணே. டேங்கர் வாயும் எங்கள் ஹோஸ் வாயும் பெரும்பாலும் பொருந்தாது, அதையும் முன்னாலேயே ஒருநாள் மாட்டிப் பாருங்கள். கிணற்றுக்குள் இறக்கிய மோட்டாருக்கு இந்த 7 மீட்டர் தொல்லை கிடையாது, அது அடியிலிருந்து தள்ளும். ஆனால் தீப்பிடித்தால் முதலில் கரண்டை நிறுத்திவிடுவார்கள், ஜெனரேட்டர் வேண்டும்.

போனில் 'சீக்கிரம் வாங்க' என்று பத்து தடவை சொல்வதைவிட என்ன எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறார்களா, தண்ணீர் எங்கே என்று ஒரு தடவை சொல்லுங்கள். இருட்டில் ஒருவர் டார்ச்சோடு முக்குக்கு வந்து நின்றாலே போதும். 'முதலில் பார்ப்போம், அப்புறம் கூப்பிடலாம்' என்று உட்காராதீர்கள். அணைந்துவிட்டால் வண்டியைத் திருப்பி அனுப்பலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். சோபா, மெத்தை உள்ள அறை சில நிமிடங்களிலேயே முழுதாகப் பற்றிவிடும். 28 நிமிடம் கழித்து வருபவன் அந்த வீட்டைக் காப்பாற்ற வருவதில்லை, அடுத்த வீட்டைக் காப்பாற்றத்தான் வருகிறான். கேட்க நன்றாயிருக்காது, ஆனால் அதுதான் நிஜம்.

இன்னொன்று, தெரு வாசல் எவ்வளவு அகலம்?

மேட்டுத்தெரு: இரண்டு கல்தூண் இருக்கிறது. இப்போதுதான் டேப் வைத்து அளந்தேன், 2.3 மீட்டர்.

பழைய பம்புக்காரன்: பெரிய வண்டியே இரண்டரை மீட்டர். அன்று எங்கே நிறுத்தினார்கள்?

மேட்டுத்தெரு: தூணுக்கு வெளியே. ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். உள்ளே வரப் பயந்துவிட்டார்கள் என்று நாங்கள்தான் பேசிக்கொண்டிருந்தோம்.