ஓர் இரவுத் தங்கலோடு கோல்ஃப்: செட்டிபாளையமா, ஊட்டியா?

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் எங்கள் 20-வது திருமண நாள். பிள்ளைகளை அம்மாயி வீட்டில் விட்டுவிட்டு, நானும் மனைவியும் ஒரே ஓர் இரவு வெளியே தங்கி கோல்ஃப் ஆட ஆசைப்படுகிறோம். பனியன் கம்பெனி வேலையில் இருவருக்கும் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் விடுப்பு கிடைப்பதே அரிது. அதனால் தொலைவாகப் போக மனமில்லை.

செட்டிபாளையத்தில் உள்ள கோயம்புத்தூர் கோல்ஃப் கிளப்தான் பக்கம். 18 குழிகள், பார் 72 (தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு சுற்றை முடிக்க எடுக்கும் அடிகள்). பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பந்தை எங்கே இழுக்கும் என்று பார்க்கவே எனக்கு ஆவல். மனைவிக்கோ ஊட்டி ஜிம்கானா மைதானம். மலைச்சரிவு, குளிர், பந்தும் அங்கே சற்றுக் கூடுதலாகப் பறக்கும். ஆனால் இ-பாஸ், கொண்டை ஊசி வளைவுகள், மேட்டுப்பாளையம் நெரிசல் எல்லாம் சேர்ந்தால் அரை நாள் சாலையிலேயே போய்விடுமே.

உறுப்பினர் அல்லாதவர்களை இவ்விரு இடங்களிலும் வார நாளில் ஆட விடுகிறார்களா? கட்டணம் எவ்வளவு? மட்டைகள் வாடகைக்குக் கிடைக்குமா? மனைவி இப்போதுதான் பழகுகிறார். 9 குழிகள் போதும். பொறுமையாகச் சொல்லித்தரும் கேடி (caddie, மட்டைப் பையைத் தூக்கி வரும் உதவியாளர்) இருந்தால் அதுவே எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். பின்னால் ஆடி வருபவர்கள் அவசரப்படுத்தினால் மனைவி மட்டையைக் கீழே வைத்துவிடுவார்.

தம்பதியாகப் போய் வந்தவர்கள், அருகில் அமைதியான தங்குமிடம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.