கடற்கரைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகளும் முழுமையாகப் பங்குபற்ற என்ன செய்யலாம்?

உப்புவெளிவாசி (கேள்வி):
எங்கள் வாசிகசாலை அன்பர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை திருகோணமலைக் கடற்கரையில் நடந்து, கரையொதுங்கும் சங்கு, சிப்பி வகைகளையும் கண்ணில்படும் பறவைகளையும் போனில் பதிந்து வருகிறோம். சென்ற மாதம் புதிதாக இருவர் வந்தார்கள். ஒருவர் போரில் ஒரு காலை இழந்து சக்கர நாற்காலியில் நடமாடும் பெரியவர். மற்றவர் உயர்தரம் முடித்த, விழிப்புலனற்ற தங்கச்சி. பெரியவரின் நாற்காலி இருபது அடி போவதற்குள் மணலில் புதைந்துவிட்டது. தங்கச்சியின் போனில் உள்ள, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் எங்கள் படிவத்தைத் திறந்ததும் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டுமே சொன்னது. படம் இணைக்காவிட்டால் பதிவு போகாது என்று நாங்களே விதித்திருந்ததால் அவரால் ஒரு பதிவைக்கூட அனுப்ப முடியவில்லை. கடைசியில் அவரிடம் பையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னோம். இரண்டு மணித்தியாலமும் அதைப் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டு வீட்டுக்குப் போனார். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. இருவரும் உண்மையான பதிவாளர்களாக வருவதற்கு நாங்கள் எதை மாற்ற வேண்டும்?

தம்பலகாமம் ஆசிரியை:
நானும் பார்வையற்றவள்தான், அண்ணா. ஆகவே அந்தப் பையின் பாரம் எனக்குத் தெரியும். கீரத் வெர்மேய் என்பவரைப் பற்றி உங்கள் குழுவினருக்குச் சொல்லுங்கள். 1946இல் நெதர்லாந்தில் பிறந்து, மூன்று வயதிலேயே பார்வையை இழந்த அவர், கலிபோர்னியாவில் பேராசிரியராக இருந்து, சங்கு சிப்பி ஆய்வில் உலகறிந்தவர் ஆனார். ஓட்டின் தடிப்பையும், வாய்ப்பகுதி எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்பதையும், நண்டு உடைத்த இடத்தில் ஓடு மீண்டும் வளர்ந்த தழும்பையும் விரலால் தடவியே அறிந்து, இரைக்கும் வேட்டையாடிக்கும் இடையிலான நீண்ட போட்டியை விளக்கினார். உங்கள் படிவத்தில் தொட்டறிந்ததை எழுதுவதற்கு ஓர் இடமேனும் உண்டா? ஓரம் மழமழப்பா, பற்களுள்ளதா, வரிகள் நெடுக்கா குறுக்கா என்ற கேள்விகளைச் சேருங்கள். படத்தை விருப்பத்துக்கு விடுங்கள். ஒவ்வொரு பட்டனுக்கும் தமிழில் பெயரிடுங்கள். பறவைகளுக்கும் இது பொருந்தும்: ஆட்காட்டியையும் செண்பகத்தையும் குயிலையும் குரலால் அறிபவரின் பதிவு, கண்ணால் கண்டவரின் பதிவுக்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். உயிருள்ள கூம்புச் சங்கு விஷ முள்ளால் குத்தக்கூடியது என்பதால், வெற்று ஓடுகளை மட்டுமே கையில் கொடுங்கள். புறாத்தீவு தேசியப் பூங்கா என்பதால் அங்கிருந்து எதையும் எடுத்து வரவும் கூடாது.

கிண்ணியா வாசகர்:
சகோதரரே, நானும் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறேன். மணலில் பாதை போட்டுத்தான் அந்தப் பெரியவரை அழைக்க வேண்டும் என்று காத்திருந்தால் வருடங்கள் போய்விடும். நம் கரையில் வற்றுப்பெருக்கு, அதாவது கடல்மட்டம் ஏறி இறங்கும் அளவு, ஒரு மீற்றருக்கும் குறைவு; ஆகவே நாற்காலி உருளக்கூடிய இறுகிய ஈரமணலும் ஒடுங்கிய பட்டிதான். நடந்துதான் கணக்கெடுக்க வேண்டும் என்ற விதியை மாற்றுங்கள். உலகெங்கும் பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் தளத்தில், ஏறத்தாழ 30 மீற்றருக்குள் ஒரே இடத்தில் நின்றோ இருந்தோ எடுக்கும் கணக்கு தனி முறையாகவே ஏற்கப்படுகிறது. உட்துறைமுக வீதியோரத்தில் அரை மணித்தியாலம் இருந்து கொக்கு, நாரை, மீன்கொத்திகளை எண்ணலாம். பிரெட்ரிக் கோட்டைக்குள் தார் வீதியில் உருண்டபடியே புள்ளிமான்களை எண்ணலாம். ஒரே இடத்தில், ஒரே நேர அளவில், மாதாமாதம் எடுத்த கணக்கை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும் என்பதால், அந்தப் பெரியவரின் பதிவு உங்கள் நடைப் பதிவைவிடப் பயனுள்ளதாகவும் அமையலாம்.

போக்குவரத்துச் செலவையும், அருகில் பாவிக்கக்கூடிய கழிவறை இருக்கிறதா என்பதையும் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். இவற்றை நாங்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை, வராமல் இருந்துவிடுகிறோம். இது தயவு சார்ந்த விடயமும் அன்று. அணுகும் வசதியை உரிமையாகக் கூறும் ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியிருக்கிறது.

செவிப்புலனற்ற பிள்ளைகளின் ஆசிரியர்:
எங்கள் பிள்ளைகளையும் நினைவில் வையுங்கள். காலையில் கரையில் நின்று வாயால் சொல்லும் அறிவுறுத்தல் அவர்களைச் சென்றடைவதில்லை. முதல் நாளே படங்களோடு எழுதி அனுப்பினால் போதும். நட்சத்திரங்களை வகைப்படுத்திய அனி ஜம்ப் கெனன் ஏறக்குறைய முழுவதும் செவிப்புலனை இழந்தவர். ஹார்வர்ட் வானாய்வகத்தில் அவர் வகைப்படுத்தியவை ஏறத்தாழ 3,50,000.

உப்புவெளிவாசி:
மூவருக்கும் நன்றி. நேற்று அந்தத் தங்கச்சியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். சேர்த்து வைத்திருந்த சோகிகளையும் (சோழிகளையும்) கொண்டுபோனேன். வெயிலிலும் அலையிலும் நிறம் வெளிறியிருந்ததால், நாங்கள் எல்லாவற்றையும் ஒரே வகையாகத்தான் எழுதியிருந்தோம். அவர் ஒவ்வொன்றாக விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்து, ஓரம் முடிச்சு முடிச்சாகப் புடைத்தவற்றை ஒரு பக்கமும், முட்டைபோல் மழமழப்பானவற்றை மறுபக்கமும் வைத்தார். பிறகு கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தோம்; அவை பணச்சோகியும் வளையச்சோகியுமாகிய இரு வேறு இனங்கள். பழைய பதிவுகளை அவரே திருத்துகிறார். பெரியவருக்கு உட்துறைமுக வீதியில் இடம் பார்த்திருக்கிறோம்; நிழல் போதுமா என்பதை அவர்தான் வந்து சொல்ல வேண்டும்.