பொது நிரல் எங்கே இருக்க வேண்டும்: கோப்புறைதோறும் நகலா, ஒரே தொகுப்பா?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
சேலத்துக் கொலுசுப் பட்டறைகளுக்குப் பைத்தான் என்ற நிரல் மொழியில் கணக்கு நிரல் எழுதித் தருகிறேன். சேதாரம், செய்கூலி கணக்கிடும் கோப்பு எல்லாருக்கும் பொது. அதன் நகலை ஒவ்வொரு பட்டறையின் கோப்புறையிலும் வைத்துவிடுகிறேன். ஓடும் நிரல் இருக்கிற கோப்புறையைத்தான் பைத்தான் முதலில் தேடும். எதையும் நிறுவ வேண்டியதில்லை. சிறு வேலைக்கு, பொது நிரலைத் தனியாகக் கட்டி நிறுவும் தொகுப்பு எதற்கு?

ஏற்காட்டான்:
நானும் அப்படித்தான் இருந்தேன், நண்பரே. ஒரு காபித் தோட்டத்துக்குப் பழ எடை, கூலி, உலர்களம் என ஐந்து இடங்களில் ஒரே கோப்பு. எடையை முழுமையாக்கும் விதி மாறியபோது நான்கைத் திருத்தினேன். கூலிக் கோப்புறையில் இருந்ததை மறந்துவிட்டேன். பழம் பறித்த பெண்களுக்கு இரண்டு வாரம் கூலி குறைந்தது. ஒரு அம்மா தன் துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்த கிலோ கணக்கை நீட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. நிலுவையைக் கொடுக்க வைத்தேன். அன்றிலிருந்து நகல் வைப்பதில்லை.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
அது மறதியின் குற்றம், முறையின் குற்றமல்ல.

அஸ்தம்பட்டி ஆசிரியர்:
மறதிக்கு இடம் கொடுக்கிற முறை தவறான முறைதான் தம்பி. இன்னொன்றும் உண்டு. தன் கோப்புறையை முதலில் தேடுவதை வசதி என்கிறீர்கள். என் மாணவன் கிராம் கணக்குக்காக எழுதிய கோப்புக்கு ‘டெசிமல்.பை’ என்று பெயர் வைத்தான். பைத்தானோடு வரும், தசம எண் கணக்குக்கான டெசிமல் தொகுதிக்குப் பதில் அவன் கோப்பே ஏறியது. ‘டெசிமல் என்ற பண்பு இல்லை’ என்று பிழை. ஒரு மாலை முழுவதும் தேடினோம். ஏறிய தொகுதியின் ‘__ஃபைல்__’ மதிப்பை அச்சிட்டதும் அவன் கோப்பின் பாதை வந்து நின்றது. 2024இல் வந்த பைத்தான் 3.13 பதிப்பு இப்படிப் பெயர் மோதினால் பிழைச் செய்தியிலேயே சொல்லிவிடுகிறது.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
ஐயா, பட்டறைகளில் இருப்பது விண்டோஸ் 7. அதில் பைத்தான் 3.8க்கு மேல் ஏறாது. இணையமும் கிடையாது. அங்கே எப்படி நிறுவுவது?

ஏற்காட்டான்:
பொது நிரலை ‘வீல்’ என்ற, நிறுவத் தயாரான ஒரே கோப்பாகக் கட்டிப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். வெளித் தொகுப்பு எதையும் சாராத நிரலென்றால் பைத்தானின் நிறுவும் கருவியான ‘பிப்’ இணையமின்றியே அதை நிறுவும். 3.8க்குத் தெரியாத இலக்கணத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எந்தப் பட்டறையில் உங்கள் தொகுப்பின் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பதைப் ‘பிப் லிஸ்ட்’ சொல்லிவிடும். நகல்களைப் பார்த்து அதைச் சொல்ல உங்களால் முடியுமா?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
முடியாது. இரண்டு பட்டறைகளில் எது இருக்கிறதென்று எனக்கே தெரியாது. வீல் முறையை முதலில் அங்கே வைத்துப் பார்க்கிறேன். மற்ற இடங்களில் இப்போதைக்கு நகல்தான்.